சின்னக் கடை, பல நாட்டுச் சட்டம்: ஆன்லைனில் விற்பவர்கள் தரவு, ஏஐ விதிகளுக்குத் தயாராவது எப்படி

பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார் பக்கம் ஒரு கடையின் மாடியில் நானும் தங்கையும் கல்யாண ரவிக்கை தைத்துக் கொடுக்கிறோம். ஆரி வேலை, கல் வேலை, அவசரத்துக்குக் கை திருத்துவது என்று எல்லாம் உண்டு. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் படியேறி வருகிறார்கள். மீதிப் பேர் வாட்ஸ்அப்பில் வருகிறார்கள்: கோலாலம்பூர், ஜொகூர், சிங்கப்பூர், கோயம்புத்தூர், ஜெர்மனி.

ஒரு நாள் ஜெர்மனி வாடிக்கையாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கல்யாணம் நின்றுபோயிருந்தது. தன்னைப் பற்றி எங்களிடம் இருக்கும் எல்லா விவரத்தையும் அனுப்பிவைக்கும்படியும், பிறகு அழித்துவிடும்படியும் கேட்டிருந்தார். மரியாதையான நான்கு வரி. எனக்குப் பதில் எழுதக் கை வரவில்லை. என்னிடம் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

தேடத் தேட வந்துகொண்டே இருந்தது. அளவு நோட்டில் ஒரு பக்கம். என் போனில் அவர் அனுப்பிய 14 படம். தங்கை போனில் அதே படங்கள். உதவிக்கு வரும் பிள்ளையின் போனில் நான்கு. கூரியர் செயலியில் முகவரி. கூகுள் டிரைவில் பில். இதெல்லாம் போக, ஆங்கிலத்தில் பதில் எழுத உதவிக்காக நான் ஏஐ செயலியில் ஒட்டிய அவருடைய முழுச் செய்தி. அதில் மாப்பிள்ளை பெயர், கல்யாணத் தேதி, மார்பளவு எல்லாம் அப்படியே கிடந்தன. எல்லாவற்றையும் ஒன்று சேர்க்க 19 நாள் ஆனது. ஐரோப்பிய விதி எனக்குக் கொடுத்திருந்தது ஒரு மாதம்.

அந்த 19 நாளிலும் அதற்கப்புறம் வந்த மாதங்களிலும் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதியிருக்கிறேன். துணி, நகை, பலகாரம், டியூஷன், எதை ஆன்லைனில் விற்றாலும் பொருந்தும். நான் வழக்கறிஞர் இல்லை. ஆயிரக்கணக்கில் வாடிக்கையாளர் இருந்தால் வழக்கறிஞரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். ஆனால் அங்கே போவதற்கு முன்னால் கீழே உள்ள முதல் வேலையை முடித்துவிட்டுப் போங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்.

1. ஒரு நோட்டு வாங்கி, உங்களிடம் இருப்பதை எழுதுங்கள்

எந்த நாட்டுச் சட்டத்தையும் படிக்க ஆரம்பிக்காதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்து மூன்று வாரத்தை வீணாக்கினேன். முதலில் ஐந்து பத்தி போட்ட ஒரு நோட்டு. யாருடைய விவரம், என்ன விவரம், எங்கே இருக்கிறது, யார் யார் பார்க்க முடியும், எப்போது அழிப்போம். கணினி தெரிந்தால் எக்செல். எங்களுக்கு நான்கு மாலை பிடித்தது, கடை மூடிய பிறகு உட்கார்ந்து எழுதியது.

"எங்கே இருக்கிறது" என்ற பத்தியை மட்டும் அவசரப்படாமல் எழுதுங்கள். போனில் உள்ள வாட்ஸ்அப், அதன் பேக்கப், படத் தொகுப்பு, பழைய போன், கடை மேசை இழுப்பறை, கூரியர் செயலி, வங்கிப் பரிமாற்ற ஸ்கிரீன்ஷாட், ஏஐ செயலியில் நடந்த பழைய உரையாடல்கள். எங்கள் இழுப்பறையில் ஆறு வாடிக்கையாளர்களின் அடையாள அட்டை நகல் கிடந்தது. முன்பணம் கட்டும்போது யாரோ வாங்கி வைக்கச் சொன்ன பழக்கம். எதற்கென்று யோசித்தால் ஒரு காரணமும் இல்லை. தேவையில்லாததை வாங்காமல் இருப்பதுதான் இந்த வேலையிலேயே மலிவான வழி. சிங்கப்பூரில் இதற்கு விதியே இருக்கிறது: 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டாலோ ஒருவரை உறுதியாக அடையாளம் காண வேண்டியிருந்தாலோ தவிர, நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணை வாங்கக் கூடாது.

நோட்டில் சில வரிகளைச் சிவப்பு மையில் எழுத வேண்டியிருக்கும். மலேசியாவின் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் உடல்நலம், மத நம்பிக்கை, அரசியல் கருத்து, குற்றம் தொடர்பான விவரம் ஆகியவற்றைத் தனி வகையாக வைக்கிறது. 2025இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் கைரேகை, முக அடையாளம் போன்றவையும் சேர்ந்துகொண்டன. தையல் கடைக்கும் உடல்நல விவரத்துக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நானும் நினைத்தேன். எங்கள் அளவு நோட்டைப் புரட்டினால் ஒரு பக்கத்தில், "இடது பக்கம் ஆபரேஷன், பேடு வைத்துத் தை" என்று தங்கை எழுதியிருக்கிறாள். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஓர் அக்காவின் ரவிக்கை அது. இன்னொரு பக்கத்தில், "வளைகாப்பு, ஏழாம் மாசம், தையல் விட்டுப் பிடி." அந்த அக்கா தன் வீட்டில் சிலருக்கே சொல்லாத விஷயத்தை எங்களிடம் சொன்னார். நோட்டோ கடை மேசையில் திறந்தே கிடந்தது, வருகிறவர்கள் எல்லாம் தங்கள் அளவைத் தேடிப் பக்கம் புரட்டுவார்கள். சட்டம் இப்படிப்பட்ட விவரத்துக்கு வெளிப்படையான சம்மதம் கேட்கிறது. இப்போது இவை தனி நோட்டில், பூட்டிய அலமாரியில் இருக்கின்றன. பெயருக்குப் பதில் எண்.

அந்த எண் பழக்கத்தை நீங்களும் உடனே ஆரம்பியுங்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஓர் எண். பிறை என்ற ஊரில் வீட்டிலிருந்து ஆரி வேலை செய்து தரும் அக்காவுக்குப் போகும் சீட்டில் "212" என்ற எண்ணும் அளவும் டிசைனும் மட்டும்தான் இருக்கும். பெயர், போன் எண், முகவரி கிடையாது. பின்னால் வரும் பல சிக்கல்களை இந்த ஒரு சீட்டு குறைத்துவிடும்.

2. எந்தெந்த நாட்டுச் சட்டம் உங்களைத் தொடும் என்று பாருங்கள்

கடை பினாங்கில் இருக்கிறது, அதனால் மலேசியச் சட்டம் மட்டும்தான் என்று நினைப்பது முதல் பொறி. இன்று பல நாடுகளின் தரவுச் சட்டம், வாங்குபவர் எங்கே இருக்கிறார் என்று பார்த்துத்தான் வருகிறது. நோட்டில் வாடிக்கையாளர்களை நாடு வாரியாக எண்ணிப் பாருங்கள்.

ஐரோப்பிய ஒன்றியம். ஜி.டி.பி.ஆர். என்ற தரவுப் பாதுகாப்பு விதி 2018 மே 25 முதல் அமலில் இருக்கிறது. அங்கே உள்ள ஒருவர் தற்செயலாக உங்கள் பக்கத்தைப் பார்த்தார் என்பதால் மட்டும் அது உங்கள் மேல் பாயாது. நீங்கள் அவர்களை நோக்கி விற்கிறீர்களா என்பதுதான் கேள்வி. யூரோவில் விலை, அவர்கள் மொழியில் விளம்பரம், அந்த ஊர்களுக்கு அனுப்புகிறோம் என்ற அறிவிப்பு, இவையெல்லாம் அடையாளம். எங்கள் பக்கத்தில் தங்கை ஆசையாக "ஐரோப்பா முழுவதும் அனுப்புகிறோம்" என்று யூரோ விலையோடு போட்டிருந்தாள். வருடத்துக்கு நாலைந்து ஆர்டருக்காக அந்த வரி. அபராதத்தின் உச்சம் 2 கோடி யூரோ, அல்லது உலக விற்றுமுதலில் 4 விழுக்காடு, இரண்டில் எது அதிகமோ அது. நம் அளவுக் கடைக்கு அந்த உச்சம் வரும் என்று பயமுறுத்துபவர்களை நம்ப வேண்டாம். ஆனால் கடமை கடமைதான். அங்கே தொடர்ந்து விற்கும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றியத்துக்குள் ஒரு பிரதிநிதியை எழுத்துப்பூர்வமாக நியமிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எப்போதாவது நடக்கும், ஆபத்துக் குறைந்த வியாபாரத்துக்கு விலக்கு உண்டு. அந்த விலக்குக்குள் நிற்கத்தான் நாங்கள் யூரோ விலையை எடுத்துவிட்டோம். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு ஏறக்குறைய இதே விதியைத் தனியாக வைத்திருக்கிறது, அதனால் லண்டன் வாடிக்கையாளரைத் தனி வரியில் எழுதுங்கள்.

சிங்கப்பூர். நம்மவர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான், பக்கத்து வீடு மாதிரி நினைத்துவிடுகிறோம். தீபாவளிக்கு முன்னால் போனில் உள்ள எல்லா எண்ணுக்கும் "தள்ளுபடி, சீக்கிரம் வாங்க" என்று ஒரே செய்தியைத் தட்டிவிடுவோம் இல்லையா? சிங்கப்பூர் எண்ணுக்கு விளம்பரச் செய்தி அனுப்புவதற்கு "அழைக்க வேண்டாம்" பதிவேடு என்ற ஏற்பாடு 2014 முதல் இருக்கிறது. அதில் பதிந்துகொண்ட எண்ணுக்கு, அந்த ஆள் தெளிவாகச் சம்மதிக்காமல் அனுப்பக் கூடாது. செய்தி வாட்ஸ்அப்பில் போனாலும், அனுப்புபவர் வெளிநாட்டில் இருந்தாலும், பார்ப்பவர் சிங்கப்பூரில் இருந்தால் விதி பொருந்தும். நாங்கள் சிங்கப்பூர் எண்களைத் தனிப் பட்டியலாக்கி ஒவ்வொருவரிடமும் ஒரு தடவை கேட்டோம். "வேண்டாம்" என்றவர்கள் ஒன்பது பேர். அவர்களில் மூன்று பேர் ஆர்டர் மட்டும் இன்னும் கொடுக்கிறார்கள்.

இந்தியா. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. இந்தியாவில் உள்ளவர்களுக்குப் பொருளோ சேவையோ விற்பதற்காக வெளிநாட்டில் தரவைக் கையாண்டாலும் பொருந்தும். அபராத உச்சம் 250 கோடி ரூபாய். எனக்கு இந்தச் சட்டத்தில் மனதுக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைக் கொடுக்க வேண்டும். அந்த 22இல் தமிழும் ஒன்று. கோயம்புத்தூர் அம்மா ஒருவர் தன் விவரம் எங்கே போகிறது என்பதைத் தமிழில் படித்துத் தெரிந்துகொள்ள முடிவது பெரிய காரியம். இன்னொன்று: அங்கே 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள். பட்டுப்பாவாடைக்குப் பிள்ளையின் அளவும் படமும் வாங்கினால் பெற்றோரிடமிருந்துதான் வாங்க வேண்டும்.

சீனா, தென்கொரியாவில் விற்பவர்கள் குறைவு என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். சீனாவில் 2025 செப்டம்பர் 1 முதல் ஏஐ உருவாக்கிய படம், காணொளி, எழுத்துக்கு அடையாளம் போட வேண்டும். பினாங்குக் கடைகள் பல இப்போது சீனச் செயலிகளில் படம் ஏற்றுகின்றன, அவர்கள் கவனிக்க வேண்டும். தென்கொரியாவின் ஏஐ அடிப்படைச் சட்டம் 2026 ஜனவரி 22இல் நடைமுறைக்கு வந்தது.

3. மலேசியப் பக்கத்தை முதலில் முடியுங்கள்

இத்தனை நாட்டைப் பார்த்து மலைக்க வேண்டாம். மலேசியப் பக்கத்தை ஒழுங்காகச் செய்தால் மற்ற நாட்டு வேலையிலும் பெரும்பகுதி முடிந்துவிடும். கேட்பது கிட்டத்தட்ட ஒன்றுதான்.

எஸ்.எஸ்.எம். (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவு இல்லாமல் எதுவும் நகராது. வீட்டில் உட்கார்ந்து தைத்தாலும் வியாபாரம் ஆரம்பித்த 30 நாளுக்குள் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), கடைப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. ஆன்லைனிலேயே முடியும்.

அடுத்து, விற்கும் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்று உள்நாட்டு வாணிப அமைச்சின் விதி சொல்கிறது: கடையின் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், பொருளின் முக்கியத் தன்மை, அனுப்பும் செலவும் வரியும் சேர்த்த முழு விலை, பணம் கட்டும் முறை, நிபந்தனை, எத்தனை நாளில் வரும் என்ற மதிப்பு. "விலைக்கு இன்பாக்ஸில் வாங்க" என்று எழுதும் பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. அதை நிறுத்துங்கள்.

பிறகு தரவு அறிவிப்பு. இதில்தான் நான் பணத்தை விட்டேன். ஒரு ஆலோசகர் 2,400 வெள்ளி வாங்கிக்கொண்டு 11 பக்க ஆவணம் கொடுத்தார். முழுக்க ஆங்கிலம், ஐரோப்பிய விதியைப் பார்த்து எழுதியது. ஆறாம் பத்தியில் இன்னொரு கம்பெனியின் பெயரைக்கூட அழிக்காமல் விட்டிருந்தார். மலேசியச் சட்டப்படி அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். இரண்டும் கட்டாயம். அவர் கொடுத்ததில் மலாய் ஒரு வரி இல்லை. கடைசியில் நாங்களே இரண்டு பக்கம் எழுதி, மலாய் ஆசிரியை ஒருவரிடம் கொடுத்துத் திருத்தினோம். என்ன விவரம் வாங்குகிறோம், எதற்கு, யாரிடம் கொடுக்கிறோம், வாடிக்கையாளர் எப்படிப் பார்க்கலாம், திருத்தலாம், யாரைத் தொடர்புகொள்ள வேண்டும், எது கட்டாயம், எது விருப்பம். அவ்வளவுதான் அதன் உள்ளடக்கம். தமிழில் மூன்றாவது பிரதி ஒன்றை அச்சடித்துக் கடைச் சுவரில் ஒட்டினோம். சட்டம் கேட்கவில்லை, ஆனால் படிப்பவர்கள் அதைத்தான் படிக்கிறார்கள்.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கவனிக்கும் ஆணையரிடம் பதிய வேண்டுமா? எல்லோரும் பதிய வேண்டியதில்லை. வங்கி, காப்புறுதி, மருத்துவம், சுற்றுலா, கல்வி, நேரடி விற்பனை, வீடமைப்பு, அடகுக்கடை என்று வகைகள் இருக்கின்றன. சில்லறை வியாபாரம் வரும் வரி இன்னொரு சட்டத்தின் வரையறையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அதனால் ஊகம் செய்யாதீர்கள். உங்கள் எஸ்.எஸ்.எம். சான்றிதழில் உள்ள தொழில் விவரத்தை இணைத்து ஆணையர் அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதிய வேண்டும் என்றால் கட்டணம் தனி உரிமைக்கு 100, கூட்டாண்மைக்கு 200, செண்டிரியான் பெர்ஹாட் என்ற தனியார் நிறுவனத்துக்கு 300, பொது நிறுவனத்துக்கு 400 வெள்ளி. பதிய வேண்டியவர் பதியாமல் இருந்தால் 5 லட்சம் வெள்ளி வரை அபராதம் இருக்கிறது.

இங்கே பெரிய பொறி ஒன்று. "நான் பதிய வேண்டிய வகையில் இல்லை, அப்போ சட்டமே எனக்கு இல்லை" என்று கடைக்காரர் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பதிவு வேறு, சட்டம் வேறு. வியாபாரத்துக்காக யாருடைய விவரத்தை வைத்திருந்தாலும் சட்டத்தின் ஏழு கோட்பாடுகளும் பொருந்தும். அவற்றை மீறினால் முன்பு 3 லட்சம் வெள்ளியாக இருந்த உச்ச அபராதம் இப்போது 10 லட்சம், சிறை மூன்றாண்டு வரை.

தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமிக்கும் கடமை 2025 ஜூன் 1இல் வந்தது. 20,000 பேருக்கு மேல் விவரம் இருந்தால், அல்லது பணம், உடல்நலம் போன்ற விவரம் 10,000 பேருக்கு மேல் இருந்தால், அல்லது ஆட்களைத் தொடர்ந்து முறையாகக் கண்காணிக்கும் தொழில் என்றால். எங்களிடம் 900 பேர்தான், அதனால் நியமிக்கவில்லை. ஆனால் சிங்கப்பூர்ச் சட்டம் ஆள் எண்ணிக்கை பார்க்காமல் எல்லா நிறுவனத்திடமும் ஒரு பொறுப்பாளரைக் கேட்கிறது. தங்கை பெயரைப் போட்டிருக்கிறோம், செலவு ஒன்றுமில்லை.

4. ஏஐ பயன்படுத்துகிறீர்களா? மூன்று இடத்தில் கவனம்

மலேசியாவில் 2024 செப்டம்பரில் அறிவியல் அமைச்சு ஏஐ நெறிமுறை வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. ஏழு கோட்பாடுகள், விருப்பத்தின் பேரில் பின்பற்றுவது. அதே ஆண்டு டிசம்பர் 12இல் தேசிய ஏஐ அலுவலகம் தொடங்கியது. ஐரோப்பாவில் ஏஐக்கு முழுச் சட்டமே இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 1இல் அமலுக்கு வந்து, 2025 பிப்ரவரி 2 முதல் சில பயன்பாடுகளைத் தடை செய்து, படிப்படியாக மற்ற விதிகளைக் கொண்டுவருகிறது. நம் கடைக்கு இதில் எது உறைக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

முதல் இடம், ஒட்டுவது. வாடிக்கையாளர் செய்தியை அப்படியே ஏஐ செயலியில் ஒட்டாதீர்கள். அது மூன்றாம் ஆளிடம் விவரத்தைக் கொடுப்பது, பெரும்பாலும் வெளிநாட்டுக்கும் போகிறது. பெயரை எடுத்துவிட்டு ஆர்டர் எண் போடுங்கள். உடல் சம்பந்தப்பட்டதை எடுத்துவிடுங்கள். "212க்கு இரண்டு வாரம் தாமதமாகும், மரியாதையாக ஆங்கிலத்தில் எழுதிக் கொடு" என்றாலே போதுமான பதில் வருகிறது. செயலியின் அமைப்பில் உங்கள் உரையாடலை ஏஐயின் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் பொத்தான் இருந்தால் அணைத்துவிடுங்கள். உதவியாளர்கள் போனிலும் பாருங்கள். எங்கள் கடையில் என் போனில் மட்டும் அணைத்துவிட்டு, மற்ற இரண்டை இரண்டு மாதம் மறந்திருந்தோம்.

இரண்டாவது, படம். போன வருடம் ஒரு மயில் டிசைனை ஏஐயில் செய்து பக்கத்தில் போட்டேன். பார்க்க அவ்வளவு அழகு. தோகையில் ஒவ்வொரு கண்ணுக்கும் ஐந்து நிற நூல், அதற்குள் முத்து. ஈப்போவிலிருந்து ஒரு பெண் அதையே கேட்டுப் பணம் கட்டினார். ஆரி வேலை அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது ஊசியில் வராதும்மா, நூல் எங்கே ஆரம்பிச்சு எங்கே முடியுதுன்னே இல்லை" என்றார். உண்மைதான், அந்தத் தையலுக்கு ஆரம்பமும் முடிவும் இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டேன். இல்லாத பொருளை இருப்பதுபோல் காட்டுவது, ஏஐ சட்டம் எதுவும் இல்லாமலே, 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறு. வாடிக்கையாளர் 5 வெள்ளி கட்டிப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம், 50,000 வெள்ளி வரை. இப்போது ஏஐ படம் என்றால் படத்தின் மேலேயே "கற்பனை மாதிரி, ஏஐ படம்" என்று எழுதுகிறோம், கீழே நாங்கள் கையால் தைத்த ஒரு சாம்பிள் படம் கட்டாயம். உண்மை ஆட்களையோ பொருளையோ போலத் தோன்றும் ஏஐ படத்தை வெளியிடுபவர் அதைச் சொல்ல வேண்டும் என்று ஐரோப்பியச் சட்டமும் கேட்கிறது.

மூன்றாவது, சாட்பாட். இரவில் பதில் சொல்ல இயந்திரம் வைத்திருந்தால் முதல் வரியிலேயே "இது தானியங்கிப் பதில், காலை 10 மணிக்கு மேல் ஆள் பேசுவார்" என்று சொல்லட்டும். பேசுவது இயந்திரம் என்று மனிதருக்குத் தெரியும்படி அமைக்கும் கடமையை ஐரோப்பியச் சட்டம் அதை உருவாக்கித் தருபவர் மேல் வைக்கிறது. ஆனால் விற்பது நாம், ஏமாந்தோம் என்று நினைப்பது நம் வாடிக்கையாளர். விலையையும் தேதியையும் இயந்திரத்தின் கையில் விடாதீர்கள். 2024 பிப்ரவரியில் கனடாவில் ஒரு தீர்ப்பாயம், ஏர் கனடாவின் சாட்பாட் பயணி ஒருவருக்குத் தவறாகச் சொன்ன கட்டண விதிக்கு அந்த நிறுவனமே பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னது. சாட்பாட் தனி ஆள் என்ற வாதம் எடுபடவில்லை.

5. "என் விவரத்தைக் கொடுங்கள், அழியுங்கள்" என்று கேட்டால்

வந்த நாளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் விவரத்தைப் பார்க்கக் கேட்டால் 21 நாளுக்குள் பதில், தேவைப்பட்டால் இன்னும் 14 நாள் நீட்டலாம், ஆனால் ஏன் என்று அவருக்கு எழுத வேண்டும். ஐரோப்பாவுக்கு ஒரு மாதம். மலேசியாவில் நகலோடு கொடுத்தால் 10 வெள்ளி வரை, நகல் இல்லாமல் 2 வெள்ளி வரை கட்டணம் வாங்கலாம். உடல்நலம் போன்ற வகைக்கு 30, 5. ஐரோப்பாவில் பொதுவாக இலவசம். நாங்கள் யாரிடமும் வாங்குவதில்லை.

கேட்பவர் உண்மையிலேயே அவர்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். ஆர்டர் எண்ணைக் கேட்டாலே போதும். கல்யாணம் முறிந்த சமயத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் பெயரில் கேட்பதும் நடக்கக்கூடியதுதான்.

அழிப்பதில் குழப்பம் ஒன்று வரும். வருமான வரிக்குக் கணக்கு ஏழாண்டு வைத்திருக்க வேண்டும், வாடிக்கையாளரோ அழி என்கிறார். பில் இருக்கட்டும், அளவும் படமும் உரையாடலும் போகட்டும். அதை அவருக்குத் தெளிவாக எழுதுங்கள். வாங்கிய படிவத்தை, சட்டத் தேவை இல்லாவிட்டால், 14 நாளுக்குள் அழிக்க வேண்டும் என்று மலேசியாவின் 2015ஆம் ஆண்டுத் தரநிலை சொல்கிறது. பயன்பாட்டில் இல்லாத விவரத்தை 24 மாதக் கணக்கில் அழிக்க ஓர் அட்டவணையும் கேட்கிறது. அழித்த தேதி, என்ன அழித்தோம், யார் அழித்தது என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் உரையாடலை அழித்தால் படத் தொகுப்பில் படம் இருந்துகொண்டே இருக்கும். இதை நான் ஜெர்மனிப் பெண்ணுக்கு "அழித்துவிட்டோம்" என்று எழுதிய மறுநாள் கண்டுபிடித்து, மறுபடி அழித்து, மறுபடி அவருக்கு எழுதினேன்.

6. விவரம் வெளியே போய்விட்டால்: 72 மணி நேரம்

உதவிக்கு வரும் பிள்ளை ஒரு வெள்ளிக்கிழமை மாலை பட்டர்வொர்த் ஃபெரியில் போனைத் தொலைத்துவிட்டாள். பூட்டு இல்லாத போன். திங்கட்கிழமை அழுதுகொண்டே வந்து சொன்னாள், திட்டுவோம் என்று பயந்து இரண்டு நாள் மறைத்திருந்தாள். அந்த இரண்டு நாள்தான் எங்களை உலுக்கியது. ஏனென்றால் கடிகாரம் மணியில் ஓடுகிறது. முக்கியமான தரவு மீறல் என்றால் ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 2025 ஜூன் 1 முதல் மலேசிய விதி. கணிசமான தீங்கு வரக்கூடும் என்றாலோ, 1,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டாலோ அது முக்கியமான மீறல். தீங்கு வரக்கூடும் என்றால், ஆணையருக்குச் சொன்னதிலிருந்து ஏழு நாளுக்குள் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால் 2.5 லட்சம் வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை. சிங்கப்பூரில் கணக்கு 500 பேர், அறிவிக்க வேண்டியது என்று முடிவான பிறகு மூன்று நாள். ஐரோப்பாவிலும் 72 மணி.

அந்தப் போனில் 31 பேரின் படங்கள் இருந்தன, ரவிக்கை போட்டு அளவு காட்டி எடுத்தவை. எண்ணிக்கையைப் பார்த்தால் சின்னதுதான். ஆனால் பெண்களின் படம், கூடவே போன் எண். தீங்கு வராது என்று எங்களால் சொல்ல முடியவில்லை, ஆணையருக்கு எழுதினோம். 31 பேருக்கும் நானே போன் செய்து பேசினேன். யாரும் கத்தவில்லை. ஓர் அம்மா மட்டும் வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்களே சொன்னீங்களே, அது போதும்" என்றார். அன்றிலிருந்து வேலைக்கு வருபவர்களிடம் முதல் நாளே சொல்கிறோம்: தொலைந்தால் திட்ட மாட்டோம், ஒரு மணி நேரத்தில் சொல்லு.

ஒரு தாளை முன்கூட்டியே தயார் செய்து சுவரில் ஒட்டுங்கள். என்ன நடந்தது, எப்போது தெரிந்தது, யாருடைய விவரம், எத்தனை பேர், உடனே என்ன செய்தோம், யார் பொறுப்பு. பதற்றத்தில் படிவம் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

7. செலவும் நாளும்

எங்களுக்கு ஆன கணக்கு இது. நோட்டு, பூட்டு, அலமாரி 190 வெள்ளி. மலாய் திருத்தம் 150. மூன்று மொழி அச்சடிப்பு 24. கடைக்கென்று தனியாக ஒரு போன் 499, இனி வாடிக்கையாளர் படம் எதுவும் சொந்த போனில் கிடையாது. எஸ்.எஸ்.எம். வருடத்துக்கு 60. ஆலோசகருக்குப் போன 2,400ஐச் சேர்க்காவிட்டால் ஆயிரத்துக்குள் முடிந்துவிட்டது. நாள் கணக்கில், நோட்டு ஒரு வாரம், அறிவிப்பு இரண்டு வாரம், போன்களைச் சுத்தம் செய்வது இரண்டு ஞாயிறு, வாடிக்கையாளர் விவரத்தைக் காப்போம் என்று கைவேலை செய்பவர்களிடம் ஒரு பக்க ஒப்பந்தம் வாங்குவது ஒரு வாரம். எல்லாம் சேர்ந்து ஆறு வாரம்.

தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதத்திலும் தை, ஆவணி முகூர்த்த சீசனிலும் ஆரம்பிக்காதீர்கள், பாதியில் நின்றுவிடும். நாங்கள் ஆடி மாதத்தில் செய்தோம், கல்யாண ஆர்டர் இல்லாத நேரம். ஆணையர் அலுவலகத்துக்கு எழுதும்போது மலாயில் எழுதுங்கள், எஸ்.எஸ்.எம். எண்ணை முதல் வரியில் போடுங்கள், சான்றிதழ் நகலை இணையுங்கள், பதில் வரும் மின்னஞ்சலைத் தனிக் கோப்பில் வையுங்கள்.